மீன் தொட்டிக்குப் புது ஃபில்டர்: பழைய பஞ்சைத் தூக்கிப் போடுவதற்கு முன்

அன்று தொட்டி அவ்வளவு அழகாக இருந்தது. தொட்டிக்குள்ளேயே இருந்த பழைய இன்டர்னல் ஃபில்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக வாங்கிய ஹேங்-ஆன் ஃபில்டரைக் கண்ணாடி விளிம்பில் மாட்டியிருந்தேன். கையோடு கூழாங்கல்லையெல்லாம் அள்ளிக் குழாயடியில் அலசி, முக்கால்வாசித் தண்ணீரையும் மாற்றியாயிற்று. உள்ளே மீன் காற்றில் மிதக்கிற மாதிரித் தெரிந்தது. மூன்றாம் நாள் காலை அம்மா கூப்பிட்டார்: "என்னடா, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்குது?" பசி போலிருக்கிறது என்று இன்னொரு சிட்டிகை தீவனம் போட்டேன். அந்த வாரம் முடிவதற்குள் பன்னிரண்டு மோலியில் ஒன்பது போய்விட்டன.

ஃபில்டரை விற்றவர் "பழசைத் தூக்கிப் போட்டுட்டு இதை மாட்டிக்கோங்க சார், அவ்வளவுதான்" என்றுதான் சொல்லியிருந்தார். நானும் கேட்டுக்கொண்டேன். ஃபில்டர் என்றால் அந்த பிளாஸ்டிக் டப்பாவும் மோட்டாரும்தான் என்று நினைத்திருந்தேன். உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தது உள்ளே இருந்த அழுக்குப் பஞ்சு. அதற்குப் பிறகு மூன்று முறை ஃபில்டர் மாற்றியிருக்கிறேன், ஒரு மீன்கூடச் சாகவில்லை. அந்த முறையைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

பஞ்சில் குடியிருப்பது யார்?

மீன் பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகினாலும் அம்மோனியாதான் வரும். இதை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும்.

இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பழைய மீன் வளர்ப்புப் புத்தகங்களில் போட்டிருக்கும். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறு கூட்டம் என்பது 1998இல்தான் ஆய்வில் தெரிந்தது. 2015இல் இன்னொரு செய்தி வந்தது. அம்மோனியாவில் தொடங்கி நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒற்றை ஆளாக முடிக்கிற நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்று கண்டுபிடித்தார்கள். அவற்றில் சில கிடைத்தது எங்கே தெரியுமா? மீன் வளர்ப்புக் கூடம் ஒன்றின் ஃபில்டரில்.

பெயர்களை மறந்தாலும் பரவாயில்லை, குணங்களை மறக்கக் கூடாது. இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல, எதிலாவது ஒட்டிக்கொண்டு வழவழப்பான படலமாக வாழ்பவை. அதனால் தொட்டித் தண்ணீரைப் பத்திரமாக எடுத்து வைப்பதால் பெரிய பயன் இல்லை, பஞ்சைத்தான் எடுத்து வைக்க வேண்டும். அடுத்தது, ஆக்ஸிஜன் நிறைய வேண்டும். அம்மோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறக்குறைய 4.5 கிராம் ஆக்ஸிஜன் செலவாகிறது. காய்ந்தாலும் குளோரின் பட்டாலும் செத்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், இவை ரொம்ப மெதுவாகப் பெருகும். குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இவை இரண்டாவதற்கு அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். புதுத் தொட்டி செட்டாக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிப்பது இதனால்தான்.

பாலுக்கு உறை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாத்திரம், புதுப் பால், எல்லாம் இருக்கலாம். நேற்றைய மோர் ஒரு கரண்டி இல்லாவிட்டால் தயிர் இல்லை. பழைய பஞ்சுதான் உங்கள் உறை மோர். ஒரே வித்தியாசம், தயிர் ஒரு ராத்திரியில் உறைந்துவிடும், இதற்கு ஒரு மாதம் வேண்டும்.

உங்கள் தொட்டி எந்த ரகம்?

பாக்டீரியா ஃபில்டரில் மட்டும் இல்லை. கூழாங்கல், மரக்கட்டை, செடி இலை, கண்ணாடி, எல்லாவற்றிலும் படலமாக ஒட்டியிருக்கும். அடியில் இரண்டு அங்குலம் மண்ணும் நிறையச் செடியும் குறைவான மீனும் உள்ள தொட்டியில் ஃபில்டரை மாற்றுவது பெரிய கண்டம் இல்லை. செடிகளும் அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் நம் பக்கத்தில் பிளவர்ஹார்ன், ஆஸ்கர், கோல்ட்ஃபிஷ் வளர்ப்பவர்கள் பலர் அடியில் ஒன்றும் போடாமல் வெறும் கண்ணாடியாக விட்டிருப்பார்கள். சுத்தம் செய்வது சுலபம் என்பதால். அந்தத் தொட்டியில் பாக்டீரியாவின் ஒரே பெரிய வீடு ஃபில்டர்தான். அதையும் பிடுங்கிவிட்டால் ஒன்றுமில்லை. நான் செய்த தவறும் அதேதான். கூழாங்கல்லையும் குழாயடியில் அலசி, ஃபில்டரையும் வீசி, இரண்டு வீட்டையும் ஒரே நாளில் இடித்துவிட்டேன்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

தண்ணீர் வரத்துக் குறைந்துவிட்டது, 'கடகட' என்று சத்தம் வருகிறது என்பதற்காக ஃபில்டரை மாற்றுபவர்கள் அதிகம். பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரின் முன்மூடியைத் திறங்கள். காந்தத்தோடு ஒரு சின்ன விசிறி வெளியே வரும். அதில் பாசியும் தலைமுடியும் சுற்றியிருக்கும். போர் தண்ணீர் என்றால் வெள்ளையாக உப்பும் படிந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, உப்புப் படிவு விடாவிட்டால் விசிறியை மட்டும் அரை மணி நேரம் வினிகரில் ஊறப்போட்டு, நன்றாகக் கழுவி மாட்டிப் பாருங்கள். நூறு இருநூறு ரூபாயில் விசிறி மட்டும் தனியாகக் கிடைக்கிற மாடல்களும் உண்டு.

பஞ்சு கறுத்துவிட்டது என்பதும் மாற்றுவதற்குக் காரணமில்லை. நல்ல ஸ்பாஞ்ச் வருடக்கணக்கில் வரும். தொட்டால் பிய்ந்து கையோடு வந்தால்தான் அதன் காலம் முடிந்தது. சில ஹேங்-ஆன் ஃபில்டர்களில் கார்பன் அடைத்த அட்டை ஒன்று வரும், மாதாமாதம் புதிது வாங்கச் சொல்லிப் பெட்டியில் எழுதியிருக்கும். அப்படிச் செய்தால் மாதாமாதம் பாக்டீரியாவையும் சேர்த்து வீசுகிறோம். அட்டைக்குப் பதில் அதே அளவில் ஸ்பாஞ்சை வெட்டி வைப்பதுதான் என் வழக்கம்.

மோட்டாரே போய்விட்டது, மின்கசிவு இருக்கிறது, அல்லது மீன் வளர்ந்துவிட்டது, ஃபில்டர் போதவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். புதிது வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். உள்ளே இடம் எவ்வளவு, பழைய பஞ்சு அதில் நுழையுமா என்பது ஒன்று. தண்ணீரை ஒரு மணிக்கு எவ்வளவு தள்ளும் என்பது இன்னொன்று. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினால் சுமார் 106 லிட்டர். கல்லும் மேலே விடும் இடமும் போக 90 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதுபோல நாலைந்து மடங்கு, அதாவது மணிக்கு 400 லிட்டர் நிஜமாகச் சுற்றினால் போதும். பெட்டியில் போட்டிருப்பது வெறும் மோட்டாரின் கணக்கு. உள்ளே பஞ்சும், பாக்டீரியா ஒட்டுவதற்கான செராமிக் வளையமும் அடைத்த பிறகு அது நன்றாகவே குறையும். அதனால் 600 என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

தயாராகும் வாரம்

டெஸ்ட் கிட் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். காகிதப் பட்டையை விடச் சொட்டு மருந்து கிட் நம்பகமானது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் கட்டாயம் வேண்டும். மாற்றுவதற்கு முன் ஒரு முறை சோதித்துக் குறித்து வையுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்தால்தான் தொடங்க வேண்டும். ஏற்கெனவே அம்மோனியா இருக்கிறதென்றால் பழைய ஃபில்டரே திணறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்த பிறகு மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அம்மோனியா சோதனையில் பூஜ்யத்தின் மஞ்சளும் 0.25 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) காட்டும் இளம்பச்சையும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு 0.25 என்று பதறி, மறுநாள் காலை அது பூஜ்யம் என்று தெரிந்த அனுபவம் எனக்குண்டு.

இரண்டு வாளி வேண்டும், சோப்பு படாதவை. தண்ணீர் விஷயம் இன்னும் முக்கியம். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர் இரண்டிலும் குளோரின் இருக்கும். ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழ் விடும் கல்) போட்டு ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும். அவசரமென்றால் மீன் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் சில நிமிடத்தில் வேலையை முடிக்கும். போர் தண்ணீர்தானே, குளோரின் கிடையாதே என்று இருந்துவிட வேண்டாம். அபார்ட்மென்டில் சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுகிற நாளை யாரும் நமக்குச் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. குழாயைத் திறந்ததும் மூக்கை நம்புங்கள். சந்தேகம் இருந்தால் மருந்தைச் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், நாளைத் தேர்ந்தெடுப்பது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் வேண்டாம். மே மாத நடுப்பகலும் வேண்டாம். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். மீனும் பாக்டீரியாவும் அதற்கே போட்டி போடும். மாற்றும் வாரத்தில் புது மீன் விடுவது, மருந்து போடுவது, கல்லைக் கிளறுவது மூன்றும் கூடாது. முதல் நாள் தீவனத்தைப் பாதியாக்குங்கள்.

சிறந்த வழி: இரண்டும் சேர்ந்து ஓடட்டும்

பழைய ஃபில்டர் இன்னும் ஓடுகிறதென்றால் வேறு யோசனையே வேண்டாம். புதிதை மாட்டி, இரண்டையும் ஒன்றாக ஓட விடுங்கள். தொட்டியின் எதிரெதிர் மூலைகளில் வைத்தால் ஒன்றின் வேகம் மற்றதைத் தொந்தரவு செய்யாது. புது ஸ்பாஞ்ச், செராமிக் வளையம் எல்லாவற்றிலும் தூள் இருக்கும். சாதாரணத் தண்ணீரில் அலசினாலே போதும், அவற்றில் இன்னும் உயிர் இல்லையே.

எத்தனை நாள்? இரண்டு வாரம் போதும் என்று பலர் சொல்கிறார்கள். நான் நாலு வாரம் விடுவேன், முடிந்தால் ஆறு. காரணம் இருக்கிறது. தொட்டியில் உள்ள மீனுக்கு எவ்வளவு அம்மோனியா வருமோ அதற்குத் தக்க அளவு பாக்டீரியாதான் மொத்தத்தில் வாழும். பழைய பஞ்சு ஏற்கெனவே சாப்பாட்டை எல்லாம் தின்றுகொண்டிருக்கும்போது புதியதற்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். அதனால் அங்கே கூட்டம் மெதுவாகத்தான் சேரும். ஒரு மாதம் கழித்துப் பழையதைப் பிடுங்கும்போதும் புதியதில் முழுக் கூட்டம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே பழைய டப்பாவைத்தான் எடுக்கிறோம். அதன் பஞ்சு, புது ஃபில்டருக்குள் போக வேண்டும்.

இடம் இல்லை, பழைய பஞ்சு நுழையாது என்றால் ஒரு ஒத்திகை பாருங்கள். பழைய ஃபில்டரை அப்படியே ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் இறக்கி, அங்கேயே ஓட விடுங்கள். பாக்டீரியாவின் சாப்பாட்டுக்கு இரண்டு மூன்று துகள் தீவனம் போட்டால் போதும். தொட்டியில் புது ஃபில்டர் மட்டும் ஓடும். மூன்று நாள், தினமும் காலையில் தீவனம் போடும் முன் தொட்டியைச் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகவே நின்றால் புதியது தயார். எண் ஏறினால் வாளியில் இருப்பதைத் திரும்பத் தொட்டிக்குள் வைத்துவிடலாம், இழப்பு ஒன்றும் இல்லை.

ஒரே நாளில் மாற்ற வேண்டுமென்றால்

மோட்டார் நின்றுவிட்டது, இரண்டுக்கும் இடமில்லை என்றால் பஞ்சைக் குடிபெயர்க்க வேண்டியதுதான். சரியாகச் செய்தால் இருபது நிமிட வேலை.

1. புது ஃபில்டரை முதலிலேயே பொருத்தி முடியுங்கள். குழாய், கிளிப், மூடி எல்லாம் சரியா என்று காலியாகவே ஒரு முறை பாருங்கள். கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) என்றால் முதல் நாளே வாளித் தண்ணீரில் ஓட்டி, அடியில் செய்தித்தாள் விரித்து, ராத்திரி முழுதும் கசிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பழைய பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கிளிப்பைத் தேடும் நிலை வரக் கூடாது.

2. எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். ஹீட்டர் இருந்தால் அதையும். தண்ணீருக்குள் கை போன பிறகு சுவிட்சைத் தேடுவது வேண்டாம்.

3. ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரைப் பாதி நிரப்புங்கள். பழைய ஃபில்டரை மெதுவாகத் தூக்கி, தொட்டியை விட்டு வெளியே வரும் முன் அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதிலுள்ள சேறெல்லாம் தண்ணீரில் கொட்டி, மீன் ஒரு மணி நேரம் காபிக்குள் நீந்தும்.

4. பஞ்சை வாளியில் அமிழ்த்துங்கள். இங்கேதான் கை அரிக்கும், பிழிந்து வெள்ளையாக்கத் தோன்றும். வேண்டாம். தண்ணீர் நுழையாத அளவுக்கு அடைத்திருந்தால் மட்டும் இரண்டு முறை லேசாக அமுக்கி விடுங்கள். கறுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். விரலில் வழவழவென்று படுகிறதே, நமக்கு வேண்டியது அதுதான்.

5. புது ஃபில்டருக்கு ஏற்ப வெட்டுங்கள். கத்தியை விட நல்ல கத்தரிக்கோல் வசதி. ஹேங்-ஆன் என்றால் பஞ்சை அதன் அறை அளவுக்கு வெட்டி, தண்ணீர் கட்டாயம் அதன் வழியே போகும்படி வையுங்கள். ஓரமாகச் செருகினால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும், உள்ளே இருப்பது மூச்சுத் திணறிச் சாகும். கேனிஸ்டர் என்றால் முதலில் அழுக்கைப் பிடிக்கப் புது முரட்டு ஸ்பாஞ்ச், அடுத்த தட்டில் பழைய பஞ்சு, அதற்கப்புறம் புது வளையங்கள். பழைய ஃபில்டரில் செராமிக் வளையம் இருந்தால் வெங்காயம் வரும் வலைப் பையைக் கழுவி அதில் போட்டுக் கட்டி வையுங்கள், புதியவற்றோடு கலக்காமல் இருக்கும். கார்பன் வேண்டாம். கெடுதல் இல்லை, ஆனால் இப்போது பழைய பஞ்சுக்குத்தான் இடம் தேவை.

6. தொட்டித் தண்ணீரையே ஊற்றி நிரப்பி ஓட விடுங்கள். வயர் பிளக்கிற்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும். வழிந்து வரும் சொட்டு அந்த வளைவிலேயே விழும், பிளக்கிற்குப் போகாது.

இந்த நேரம் முழுவதும் பஞ்சு ஈரமாக இருந்தால் கவலையில்லை. வெயிலில் வைத்தாலோ ஃபேன் காற்றில் காயவிட்டாலோதான் ஆபத்து.

பஞ்சை வைக்காமல், அதைப் பிழிந்த கறுப்புத் தண்ணீரைப் புது ஸ்பாஞ்சின் மேல் ஊற்றுவதும் ஒரு வழி என்பார்கள். முழுக்கத் தவறில்லை, அதில் கொஞ்சம் பாக்டீரியா போகும். ஆனால் பெரும்பங்கு கழிவுதான் போகும், கெட்டியாக ஒட்டியவை பஞ்சிலேயே தங்கிவிடும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும்.

ராத்திரி திடீரென்று நின்றுவிட்டால்

கடை திறக்கும் வரை பஞ்சைக் காப்பாற்ற வேண்டும். ஹேங்-ஆன், இன்டர்னல் இரண்டிலும் பஞ்சை வெளியே எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டு, ஏர் ஸ்டோனை நேராக அதற்கடியில் வையுங்கள். குமிழ் பஞ்சைத் தடவிக்கொண்டு மேலே போகும். அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அன்று தீவனம் வேண்டாம்.

மூடிய கேனிஸ்டர்தான் வில்லன். மோட்டார் நின்றதும் உள்ளே அடைபட்ட தண்ணீரின் ஆக்ஸிஜனைப் பாக்டீரியாவே சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். அப்புறம் அழுகல் ஆரம்பிக்கும். காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் சாயங்காலம் வந்து, அந்தத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாய்ந்தால் மீனுக்கு ஆபத்து. நீண்ட மின்வெட்டு என்றால் மூடியைத் திறந்து தட்டுகளை வாளியில் வைத்து பேட்டரி ஏர் பம்ப் போடுங்கள். அதற்கு வழியில்லையென்றால், கரண்ட் வந்ததும் முதலில் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முட்டை அழுகிய நாற்றம் வந்தால் தொட்டித் தண்ணீரில் அலசி மாட்டலாம், ஆனால் பாதி பாக்டீரியாதான் மிச்சம் என்று வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு வாரம் கவனமாக இருங்கள்.

என்னைப் போலப் பழைய பஞ்சை ஏற்கெனவே வீசிவிட்டீர்களா? தெரிந்தவர் தொட்டியிலிருந்து ஒரு துண்டு கேளுங்கள். கொஞ்ச நாளாக மீன் சாகாத, வெள்ளைப்புள்ளி நோய் வராத தொட்டியாக இருக்க வேண்டும். நத்தை கூடவே வரலாம், அது தலைவலிதான். கொண்டுவரும்போது பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி மூடாதீர்கள். மூடி போட்ட டப்பாவில் பஞ்சு நனையும் அளவு தண்ணீரும் மேலே நிறையக் காற்றும் போதும். சென்னை என்றால் கொளத்தூர்க் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையே விலைக்குக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரே தண்ணீரில் பல இடத்து மீன்கள் வந்து போகும் இடம் என்பதால் நோயும் சேர்ந்து வரும் வாய்ப்பு உண்டு. நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். பாட்டில் பாக்டீரியா சிலது வேலை செய்கிறது, சிலது வெறும் தண்ணீர் மாதிரி. வெயிலில் கிடந்து வந்த பாட்டிலா என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், நம்பி இருக்க முடியாது.

அடுத்த மூன்று வாரம்

முதல் வாரம் தினமும் சோதனை. இரண்டாவது வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாவது வாரம் இரண்டு முறை.

தீவனத்தில்தான் கட்டுப்பாடு இருக்கிறது. புரதம் 35 சதவீதம் உள்ள தீவனம் 1 கிராம் போட்டால் சுமார் 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். நம் 90 லிட்டர் தொட்டியில் அது 0.3 பிபிஎம். ஃபில்டர் ஒன்றும் செய்யாவிட்டால் ஒரே நாளில் அவ்வளவு ஏறும். சமையலறைத் தராசில் ஒரு முறை உங்கள் 'சிட்டிகை'யை எடை போட்டுப் பாருங்கள். பத்துச் சிட்டிகை சேர்த்துப் போட்டுப் பத்தால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். நான் ஒரு கிராம் என்று நினைத்துப் போட்டது இரண்டரை கிராம். முதல் வாரம் வழக்கத்தில் பாதி, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வளர்ந்த மீன் இதனால் இளைத்துவிடாது.

அம்மோனியா 0.25 காட்டினால் தீவனத்தை நிறுத்திக் காத்திருங்கள். 0.5 தொட்டால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். இதில் உங்கள் தண்ணீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) பெரிய வித்தியாசம் செய்யும். 28 டிகிரியில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். 8 என்றால் நூற்றில் ஆறு பங்குக்கு மேல் இருக்கும். கடினமான போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் 0.25க்கே சுறுசுறுப்பாக வேண்டும்.

அம்மோனியா இறங்கியதும் நிம்மதியாகி கிட்டை மூடி வைத்துவிடுகிறோம். நைட்ரைட் அப்போதுதான் ஏற ஆரம்பிக்கும். நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும். இதற்கு உப்பு நல்ல மருந்து. உப்பின் குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். 10 லிட்டருக்கு 1 கிராம் போதும். 90 லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை டீஸ்பூன் பொடி உப்பு. ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். இந்த அளவு செடிக்கும் ஒன்றும் செய்யாது. கூடவே தண்ணீரும் மாற்றுங்கள்.

இடையில் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுக்கலாம். அது வேறு ரகப் பாக்டீரியா தண்ணீரில் பெருகுவது. அதைப் பார்த்துப் பயந்து ஃபில்டரைக் கழற்றிக் கழுவிவிடுபவர்கள் உண்டு. ஏர் பம்பைக் கூட்டி வைத்து விட்டுவிடுங்கள், சில நாளில் தானே தெளியும்.

பழைய பஞ்சை எப்போது எடுப்பது? அவசரமே இல்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் நாலு வாரம் கழித்து மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுங்கள். இரண்டு வாரம் விட்டு அடுத்த பங்கு. ஒவ்வொரு முறையும் அடுத்த மூன்று நாள் சோதனை. அந்தக் காலத்தில் புது ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டியிருந்தால் வேறு வாரத்தில் கழுவுங்கள், தொட்டித் தண்ணீரில்.

என் கேனிஸ்டரின் நடுத் தட்டில் முந்தைய ஃபில்டரின் பஞ்சு இன்னும் இருக்கிறது, ஒரு மூலை பிய்ந்து. அதிலிருந்து வெட்டிய கையளவுத் துண்டு ஒன்று போன மாதம் தங்கை வீட்டுப் புதுத் தொட்டிக்குப் போனது, இட்லி மாவு கொண்டுபோகும் டப்பாவில். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னண்ணா, அழுக்கைக் கொண்டுவந்திருக்க?" என்றாள்.